கடல் கடக்கும் சரக்கும் கடைக்காரர் வரியும்

'வரி' என்னும் சொல்லை இவ்விதழில் கண்டவுடன் அன்பர்கள் கவிதையின் வரியை எதிர்பார்த்தல் இயல்பே. நம் மன்ற இதழில் அத்தகைய வரிகளுக்கு எந்த ஆண்டும் பஞ்சம் வந்ததில்லை. நான் எடுத்துக்கொண்டதோ கடைக்காரர் கட்டும் வரி. வணிகவியல் மாணவன் வேறெதை எழுதப்போகிறான் என்று இலக்கிய வகுப்பு நண்பர்கள் நகைக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவேன். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுமதி, இறக்குமதி ஆகிய இருவகைச் சரக்கின்மீதும் சுங்க அதிகாரிகள் புலிச் சின்னம் பொறித்த செய்தி பட்டினப்பாலையில் இருக்கிறது. அரசனுக்குரிய வருவாய்களை எண்ணும் வள்ளுவர், சுங்கத்தை 'உல்கு' என்கிறார். முதற் குலோத்துங்கன் போரில் வென்று பெற்ற பெயர்கள் பல இருக்க, மக்கள் நாவில் நிலைத்தது 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்னும் பெயரே. ஆகவே வரி தமிழுக்குப் புறம்பான பொருளன்று.

நான் அந்தமானிலிருந்து வந்தவன். எங்கள் தலைநகரைப் போர்ட் பிளேர் என்றே நீங்கள் அறிவீர்கள்; 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3,80,581 மக்கள் வாழும் அத்தீவுகளில் வங்காளம், இந்தி ஆகியவற்றுக்கு அடுத்தபடி மிகுதியாகப் பேசப்படுவது தமிழே. அபர்தீன் கடைத்தெருவிலும் ஜங்கிலிகாட்டிலும் தமிழில் விலை கேட்டுத் தமிழில் பேரம் பேசலாம். என் சிற்றப்பா அங்கே ஒரு மளிகைக் கடை நடத்துகிறார். விடுமுறை தோறும் அக்கடையின் கணக்கை எழுதுவது என் வேலை. பாடப்புத்தகத்தில் படித்த வரிச் சட்டத்தைவிட அந்தக் கல்லாப்பெட்டியின் அருகில் கற்றதே மிகுதி என்பேன்.

மற்ற ஊர்க் கடைக்காரருக்கும் தீவுக் கடைக்காரருக்கும் என்ன வேறுபாடு? சென்னையிலிருந்து எங்கள் ஊர் ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கொல்கத்தாவும் விசாகப்பட்டினமும் அதற்குச் சற்றேதான் கூடுதல். பருப்பு, எண்ணெய், சோப்பு, பிஸ்கோத்து, பற்பசை ஆகிய அனைத்தும் கப்பலேறி வந்து ஹாடோ துறையில் இறங்க வேண்டும். கப்பல் தாமதித்தால் சரக்கு தாமதிக்கும். பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் இன்னும் தாமதிக்கும். எனவே தீவுக் கடைக்காரர் ஒரு வாரத்துக்கு வேண்டியதை வாங்குவதில்லை. ஒரு மாதம், இரண்டு மாதத்துக்கு வேண்டியதை வாங்கி அடுக்குகிறார். அவருடைய முதல், அலமாரியிலும் கடல்மேலும் நெடுநாள் முடங்கிக் கிடக்கிறது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னே சொல்லப்போகும் வரிக் கணக்கு எளிதில் விளங்கும்.

இந்தியாவில் பொது விற்பனை வரி பிறந்தது நம் சென்னை மாகாணத்திலேயே. 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய இராஜாஜி அமைச்சரவை, கள், சாராய வருவாய் குறையவே, அதை ஈடுசெய்ய வழி தேடியது. 1939-இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. பிற மாகாணங்கள் பின்தொடர்ந்தன. பின்னாளில் விற்பனை வரியின் இடத்தில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. தமிழ்நாட்டில் அது 1-1-2007 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தனை மாறுதல்களும் நிலப்பரப்பில் நடந்துகொண்டிருக்க, அந்தமான் நிக்கோபாரில் விற்பனை வரியும் இல்லை, மதிப்புக் கூட்டு வரியும் இல்லை. சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதி அது. இலட்சத்தீவும் இவ்வகையில் அதற்குத் துணை. சென்னையில் சரக்கு வாங்கும்போது விலைக்குள் அடங்கிவந்த வரியோடு சரி. தீவில் விற்கும்போது யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

"விற்பனை வரியே இல்லாத ஊருப்பா இது. உங்க தாத்தா சிட்டையிலே எழுதினதுதான் கணக்கு" என்று சிற்றப்பா இன்றும் சொல்வார்.

அந்தக் காலம் 2017 ஜூன் 30-ஆம் நாள் நள்ளிரவோடு முடிந்தது. ஜூலை 1 முதல் நாடெங்கும் சரக்கு-சேவை வரி வந்தது. மாநிலங்களில் வரியின் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. சட்டமன்றமில்லாத ஒன்றியப் பகுதிகளுக்கு மாநிலப் பாதியின் இடத்தில் 'ஒன்றியப் பகுதி வரி' என்று தனிச் சட்டமே அவ்வாண்டு இயற்றப்பட்டது. தமிழ்நாட்டு வணிகருக்கு அது பழைய வரி போய்ப் புதிய வரி வந்த மாறுதல். எங்கள் ஊர்க் கடைக்காரருக்கோ விற்பனைக்கு வரிப்பதிவு, வரிப்பட்டி, கணக்கறிக்கை என்பனவே புதியவை. அதுவும் அறிக்கைகளை இணையத்தின் வழியாகவே அளிக்க வேண்டும். சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்து திறக்கப்பட்டது 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள். அதற்கு முந்திய மூன்றாண்டும் செயற்கைக்கோள் வழி வந்த மெதுவான இணையத்தில் அறிக்கை போட்டவர்களின் பொறுமையை நான் வியக்கிறேன்.

இனி, இவ்வரி இயங்கும் முறையைச் சுருங்கக் காண்போம். ஒரு பொருள் ஆலையிலிருந்து நுகர்வோர் கைக்கு வரும்வரை ஒவ்வொரு கையிலும் வரி விதிக்கப்படுகிறது. ஆனால் ஒவ்வொருவரும் தாம் வாங்கும்போது கொடுத்த வரியைத் தாம் விற்கும்போது வசூலித்த வரியில் கழித்துக்கொண்டு மிச்சத்தையே கட்டுகிறார். இக்கழிவுக்கு 'உள்ளீட்டு வரி வரவு' என்று பெயர்; கடைத்தெருவில் 'இன்புட்' என்றால் போதும். சென்னை மொத்த வணிகர் அந்தமான் கடைக்கு விற்பது எல்லை கடந்த விற்பனை. ஆதலால் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. என்னும் ஒருங்கிணைந்த வரி ஒரே தொகையாக இடப்படும். தீவுக் கடைக்காரர் முறையான பதிவுடையவராயின் அத்தொகை முழுவதும் அவருக்கு வரவு. மற்றொன்று: கார் நிக்கோபாரிலிருந்து டிக்லிப்பூர் வரை, இடையே எவ்வளவு கடல் கிடந்தாலும், வரிக்கு ஒரே எல்லைதான்.

சிறு வணிகர் முன் மூன்று வாயில்கள் இருக்கின்றன. முதலாவது, பதிவே செய்யாமல் இருத்தல். பொருள் விற்பனை மட்டுமே செய்பவர் ஆண்டுக்கு 40 இலட்ச ரூபாய் வரை பதிவு செய்யவேண்டியதில்லை. 2019 ஏப்ரல் முதல் இருக்கும் இவ்வரம்பு அந்தமானுக்கும் உண்டு. நமக்கு அண்டையிலுள்ள புதுச்சேரிக்கு 20 இலட்சம்தான். இதில் இரண்டு நுணுக்கங்கள் உள. வரியில்லாத சரக்கும் மொத்தத் தொகையில் சேரும். சில்லறையாக அளந்து விற்கும் அரிசிக்கும் காய்கறிக்கும் வரி இல்லை. ஆனால் 30 இலட்சத்துக்கு அரிசியும் 12 இலட்சத்துக்குச் சோப்பும் விற்பவர் 42 இலட்சக்காரரே ஆவார். அடுத்து, 40 இலட்சம் என்பது பொருள் மட்டும் விற்பவருக்கு. கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் அது சேவை. வரம்பு 20 இலட்சமாக இறங்கிவிடும். எங்கள் ஊரில் அறை வாடகைக்கு விடாத மாடி அரிது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மேலும், வரிக்குரிய சரக்கைச் சென்னை வாடிக்கையாளருக்கு விற்று அனுப்பினால் அது எல்லை கடந்த விற்பனை. அப்போது பொதுவாக இச்சலுகையே இல்லை.

இரண்டாவது வாயில், கடைத்தெருவில் 'காம்போசிஷன்' என்று வழங்கும் இணக்க வரி. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி வரை உள்ளவர் இதில் சேரலாம். கடைக்காரர் தம் வரிக்குரிய விற்பனையில் நூற்றுக்கு ஒன்று கட்டினால் போதும். உணவு விடுதிக்காரர் ஐந்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டி, ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும். ஆனால் அவர் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியே ஒரு காசும் வசூலிக்கலாகாது. வாங்கும்போது கொடுத்த வரியையும் கழிக்கலாகாது. 'இணக்க வரிக்காரர், வரி வசூலிக்கத் தகுதியற்றவர்' என்று பில்லின் தலையில் எழுதவேண்டும். கடைப் பலகையிலும் தாம் எவ்வகையினர் என்று காட்டவேண்டும். 'தகுதியற்றவர்' என்று தம் கைப்படவே எழுதிக்கொள்ள நேர்ந்தது சிற்றப்பாவுக்கு முதலில் பிடிக்கவேயில்லை.

மூன்றாவது, முறையான பதிவு. வரி வசூலிக்கலாம், கழிக்கலாம், கணக்கும் முழுமையாகக் காட்டவேண்டும். ஐந்து கோடி வரை விற்பனையுள்ளவர் காலாண்டு அறிக்கை முறையைத் தேர்ந்து கொள்ளலாம். காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22-ஆம் நாளுக்குள் அறிக்கை, இடையிலுள்ள மாதங்களுக்கு அடுத்த மாதம் 25-ஆம் நாளுக்குள் பணம்.

இம்மூன்றில் எது நல்லது? 'நூற்றுக்கு ஒன்று' என்றதும் பெரும்பாலோர் இரண்டாம் வாயிலை நோக்கி ஓடுகின்றனர். ஒன்று என்பது ஐந்தைவிடவும் பதினெட்டைவிடவும் சிறியதுதானே! இங்கேதான் நின்று எண்ணவேண்டும். இணக்க வரிக்காரர் கட்டும் ஒன்று, விற்ற தொகை முழுவதன்மீதும் ஒன்று. முறையான பதிவுக்காரர் கட்டும் ஐந்தோ பதினெட்டோ, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின்மீது மட்டுமே. பெரிய பரப்பின்மீது சிறு விகிதமா, சிறு பரப்பின்மீது பெரு விகிதமா என்பதே வினா.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் வரிக்குரிய சரக்கு, வரி உட்பட, ஆண்டுக்கு 45 இலட்சத்துக்கு விற்கிறது எனக் கொள்வோம். இணக்க வரி 45,000 ரூபாய். அதே கடை முறையான பதிவில் இருந்து, சரக்கெல்லாம் 18 விகிதத்தில் இருந்தால், 45 இலட்சத்துக்குள் அடங்கிய வரி ஏறத்தாழ 6,86,000. கொள்முதல் விலைமேல் 19 விழுக்காடு ஏற்றி விற்கிறார் என்றால், வாங்கியபோது கொடுத்த வரி ஏறத்தாழ 5,76,500. கட்டவேண்டிய மிச்சம் 1,09,500-க்கு மேல். ஆகவே இணக்க வரியால் 64,000-க்கு மேல் மிச்சம். சிற்றப்பா இரண்டாம் வாயிலில் நுழைந்தது இக்கணக்கினால்தான். அது அன்றைக்குச் சரியான முடிவே.

ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்கள் மாறின. 12, 28 என்னும் படிகள் பெரும்பாலும் நீங்கின. 5, 18 என்னும் இரண்டே பெரிதும் நின்றன. மளிகைக் கடையில் நாள்தோறும் விற்கும் குளியல் சோப்பு, பற்பசை, தலைக்குத் தடவும் எண்ணெய், பிஸ்கோத்து ஆகியவை 18-லிருந்து 5-க்கு இறங்கின. நுகர்வோருக்கு நன்மை, அதில் ஐயமில்லை. இணக்க வரிக்காரர் கணக்கு என்னாயிற்று? அதே 45 இலட்சம், அதே 19 விழுக்காடு ஏற்றம் என்று வைத்து, சரக்கெல்லாம் 5 விகிதத்துக்கு வந்துவிட்டதாகக் கொண்டால், முறையான பதிவில் வசூலிக்கும் வரி ஏறத்தாழ 2,14,300, கழிவு 1,80,000, கட்டுவது 34,300. இணக்க வரியோ அதே 45,000! மிச்சப்படுத்திய வாயில் இப்போது பத்தாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கேட்கிறது. நான் போட்டுப் பார்த்த அளவில், 18 விகிதச் சரக்கில் கொள்முதல்மேல் ஏழு விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஏற்றம் இருந்தாலே இணக்க வரி இலாபம். 5 விகிதச் சரக்கில் ஏற்றம் ஏறத்தாழ 26 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் இலாபம். மளிகையில் 26 விழுக்காடு வைத்து விற்றால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்.

"ஒரு சதவீதம் அப்படியேதானே இருக்கு? நமக்கு மட்டும் எப்படிக் கூடும்?" என்று சிற்றப்பா கேட்டார்.

"நீங்க கட்டுறது கூடல சித்தப்பா. மத்தவங்க கட்டுறது குறைஞ்சிருக்கு. அவங்க விலையைக் குறைச்சா நீங்களும் குறைக்கணும்" என்றேன். சற்று நேரம் பேசாமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு வகையிலும் அந்த மாறுதல் தீவுக் கடைகளைத் தொட்டது. நூறு ரூபாய் அடக்கமுள்ள சோப்பை 18 விகித வரியோடு 118-க்கு வாங்கி அடுக்கியிருந்த இணக்க வரிக்காரருக்கு, செப்டம்பர் 22-க்குப் பின் வந்த புதுச் சரக்கு 105-க்குக் கிடைத்தது. பழைய சரக்கில் புதைந்த வரியைக் கழிக்க அவருக்கு உரிமை இல்லை. புதுவிலைக்கே பழையதையும் தள்ளவேண்டியதாயிற்று. முறையான பதிவுக்காரருக்கோ 18 வரவு ஏட்டில் அப்படியே இருந்தது. சென்னையில் பத்து நாள் சரக்கு வைத்திருப்பவருக்கு இது சிறு கீறல். இரண்டு மாதச் சரக்கை அடுக்கியிருக்கும் தீவுக்காரருக்கு அவ்வாறு இராது.

எனினும் வேறொன்றையும் எண்ணவேண்டும். தீவில் விற்கும் விலைக்குள் கப்பல் கூலியும் அடங்கியிருக்கிறது. கொள்முதலுக்கும் விற்பனைக்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் இலாபமன்று. அதில் ஒரு பங்கு கடலுக்குக் கொடுத்தது. கூலிப் பில்லில் வரி இருந்தால் அதையும் கழிக்கலாம். இல்லையெனில் அக்கூலித் தொகைக்கும் சேர்த்தே விற்பனையில் வரி விழும். ஆகவே சென்னைக் கடைக்காரர் போடும் கணக்கைப் பார்த்துத் தீவுக்காரர் அப்படியே நகல் எடுக்கலாகாது. கனமான, விலை குறைந்த சரக்கில் கூலியின் பங்கு மிகுதி. அத்தகைய சரக்கே மிகுதியாக விற்பவருக்கு இணக்க வரி இன்னும் ஏற்றதாக இருக்கலாம். வாங்குபவர் யார் என்பதும் முக்கியம். தங்கும் விடுதிகளுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் சரக்குப் போடும் கடைக்கு முறையான பதிவே வேண்டும்; அவர்கள் தாம் கழித்துக்கொள்ளத்தக்க பில்லைக் கேட்பார்கள்.

முறையான பதிவில் நுழைபவர் கடலைக் குறித்துச் சில செய்திகளை அறிந்திருக்க வேண்டும். பதிவெண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பகுதியைக் குறிப்பவை: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34, எங்களுக்கு 35. சென்னைக்கு நேரில் போய்ப் பாரிமுனையில் சரக்கெடுக்கும் தீவு வணிகர், 35-இல் தொடங்கும் தம் எண்ணையும் தீவு முகவரியையும் கொடுத்து, சரக்கு தீவுக்குச் செல்கிறது என்று காட்டி, ஒருங்கிணைந்த வரியோடு பில் வாங்கவேண்டும். அவசரத்தில் சென்னைக்குள்ளேயே விற்றதாகப் பில் போட்டால், மத்திய வரி, தமிழ்நாட்டு வரி என்று இரண்டாகப் பிரிந்து விழும். பில்லின் மொத்தத் தொகை ஒன்றே. ஆனால் அவ்வரியைத் தீவில் கழிக்க இயலாது. ஒரே ஒரு வரி எழுத்து வேறுபாட்டில் ஆயிரக்கணக்கான ரூபாய் கரைந்துபோகும்.

பில் கையில் இருப்பது மட்டும் போதாது. சரக்கு கைக்கு வந்தபின்பே வரவு எடுக்கலாம். மார்ச்சு மாதத்துப் பில்லின் சரக்கு ஏப்ரலில் ஹாடோவில் இறங்கினால், வரவு ஏப்ரலுக்குத்தான். ஒரே பில்லின் சரக்கு பல தவணையாக வந்தால் கடைசித் தவணை வந்த பின்னரே எடுக்கலாம். விற்றவர் தம் அறிக்கையில் அந்தப் பில்லைக் காட்டியிருக்கவும் வேண்டும். 180 நாளுக்குள் அவருக்குப் பணம் கொடாவிட்டால் எடுத்த வரவைத் திருப்பவேண்டும். கப்பலுக்காகச் சரக்குக் காத்துக்கிடக்கும் ஒவ்வொரு நாளும் வரித்தொகையும் அதனோடு காத்துக்கிடக்கிறது என்பதே இதன் பொருள்.

சட்டம் கடலை முற்றிலும் மறந்துவிடவும் இல்லை. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வழியில் செல்லும்போது உடன் இருக்கவேண்டிய 'இ-வே பில்' சாலையில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். வழியில் ஓரிடத்தேனும் கப்பல் இருந்தால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கிடுகின்றனர். சென்னையிலிருந்து எங்களூருக்கு அக்கணக்கில் ஏறத்தாழ 60 நாள் கிடைக்கிறது. இவ்விதியை எழுதியவர் ஒருமுறையேனும் துறைமுகத்தில் காத்திருந்தவராக இருக்கவேண்டும்.

வரியைப் போலவே கடைக்காரரைச் சுற்றி நிற்பவை கட்டணங்கள். நகராட்சித் தொழில் உரிமம், உணவுப் பொருள் விற்பதற்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு அல்லது உரிமம், எடைக்கல்லுக்கும் தராசுக்கும் குறித்த காலத்தில் மறுமுத்திரை என ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை உண்டு. வரிக்கும் கட்டணத்துக்கும் என்ன வேறுபாடு? இதைத் தெளிவாக்கிய வழக்கு நம் பழைய சென்னை மாநிலத்திலிருந்து சென்றதே. 1951-ஆம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டப்படி மடங்களிடம் கேட்ட பங்குத்தொகையை எதிர்த்து உடுப்பிச் சிரூர் மடத்துத் தலைவர் தொடுத்த வழக்கில், 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரி என்பது பொதுச் செலவுக்காகக் கட்டாயமாகப் பெறுவது. கொடுத்தவருக்கு இன்ன நன்மை என்று ஈடு எதிர்பார்ப்பதற்கில்லை. கட்டணம் என்பது ஒரு குறிப்பிட்ட பணிக்கு ஈடாகப் பெறுவது. இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, பெயர் எதுவாயினும் அப்பங்குத்தொகை வரியே என்று நீதிமன்றம் கண்டது. பிற்காலத் தீர்ப்புகள் இக்கோட்டைச் சற்று நெகிழ்த்தின. கொடுத்ததற்கும் பெற்றதற்கும் காசுக்குக் காசு பொருத்தம் தேவையில்லை என்றன.

கடைக்காரருக்கு இதனால் என்ன பயன் என்பீர்களாயின், கணக்கில் பயன் உண்டு. வரியில் கழிக்கத்தக்கதும் உண்டு, கழிக்க முடியாததும் உண்டு. உரிமக் கட்டணமோ கடைச் செலவு. விற்பனை கூடினாலும் குறைந்தாலும் அதை எடுத்துவைத்தே தீரவேண்டும். புதுப்பிக்கும் நாளை மறந்தால் செலவு இரட்டிக்கும். இனி, கட்டணம் என்று பெயர்பூண்ட தண்டனை ஒன்றும் இருக்கிறது. அதுதான் அறிக்கை தாமதித்ததற்கான 'தாமதக் கட்டணம்'. முறையான பதிவில் நாளொன்றுக்கு 50 ரூபாய். கட்டவேண்டிய வரி ஒன்றுமில்லாத அறிக்கைக்கு 20. ஒன்றரைக் கோடிக்கு உட்பட்டவருக்கு ஓர் அறிக்கைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் போகாது. வரித்தொகையே தாமதித்தால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி வேறு. இதற்கு ஈடாக நமக்குக் கிடைக்கும் பணி யாது என்று சிரூர் மடத்து உரைகல்லில் தேய்க்கப் புகுந்தால் ஒன்றும் தேறாது.

நிக்கோபார்ப் பக்கம் வேறு வகை. பழங்குடி மக்களைக் காக்கும் 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வெளியார் வாணிகம் செய்ய உரிமம் வேண்டும். அங்கே உரிமத்தின் நோக்கம் வருவாயன்று, காவல். ஒருகாலத்தில் அத்தீவுகளில் தேங்காயே நாணயமாக வழங்கி, எல்லாப் பொருளுக்கும் தேங்காய்க் கணக்கில் விலை சொன்னார்கள். வெளியூர் வணிகர் எத்தனை தேங்காய்க்கு எவ்வளவு துணி அளந்தார் என்று கேட்க ஆளில்லாவிட்டால் என்னாகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

வருமான வரி பற்றி நீட்டவேண்டியதில்லை; தீவுக்கும் நிலப்பரப்புக்கும் அதில் வேறுபாடு இல்லை. ஆண்டு விற்பனை இரண்டு கோடிக்கு உட்பட்ட கடைக்காரர், விற்பனையில் 8 விழுக்காட்டை, வங்கி வழி வந்த தொகையாயின் 6 விழுக்காட்டை, இலாபமாகக் காட்டும் ஊக முறை உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 44ஏடி என்று பேர் பெற்ற இம்முறை, 1-4-2026 முதல் நடைமுறைக்கு உரியதாக 2025-இல் இயற்றிய புதிய சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது.

சிற்றப்பாவின் கடைக்கு வருகிறேன். எங்கள் கணக்கில், முறையான பதிவுக்கு மாறினால் வரியில் பத்தாயிரம் அளவு மிச்சம். ஆனால் கணக்கருக்குக் கொடுக்கும் சம்பளம் கூடும். இரண்டும் ஏறத்தாழச் சரியாகிவிடும். அப்படியானால் மாறுவானேன் என்று வினவலாம். அருகில் புதிதாக வந்துள்ள தங்கும் விடுதி ஒன்று மாதச் சரக்குக்கு ஆள் தேடுகிறது. அவர்களுக்குக் கழிக்கத்தக்க பில் வேண்டும். தராசின் தட்டு அங்கேதான் சாய்கிறது.

இணக்க வரியிலிருந்து வெளியேற எந்நாளும் ஆகும். மீண்டும் அதில் சேர அடுத்த நிதியாண்டின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டும். வெளியேறும்போது, அலமாரியில் விற்காமல் இருக்கும் சரக்குக்கு வாங்கியபோது கொடுத்த வரியை வரவு எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பில் ஓராண்டுக்கு மேற்பட்டதாக இருத்தலாகாது; முப்பது நாளுக்குள் விவரம் அளிக்கவும் வேண்டும். ஆகவே பில்கள் நாள் வாரியாக இருந்தால்தான் இவ்வுரிமை கைகூடும். சென்ற விடுமுறையில் தகரப் பெட்டியிலிருந்த பில்களையெல்லாம் கொட்டி, ஓராண்டுக்கு உட்பட்டவை ஒரு கட்டு, மேற்பட்டவை ஒரு கட்டு என்று சிற்றப்பாவும் நானும் பிரித்தோம். 35 எண் இல்லாமல் வாங்கிய பில்களுக்கு மூன்றாவதாக ஒரு கட்டுப் போடவேண்டியிருந்தது.